ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர்

ஜனவரி 11

அன்புள்ள பென்சிலுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. காது மட்டும் என்னைவிட்டுத் தனிக்குடித்தனம் போய்க்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிர்பெட்டி ஆய்வுக்கூடத்தில் தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா என்று எழுது. போன ஞாயிறு நீ பத்து நிமிஷம் பேசியதாக போன் காட்டுகிறது. எனக்கு என்னவோ ஒரு கொசு பத்து நிமிஷம் குசலம் விசாரித்ததுபோல்தான் இருந்தது. அதனால் இனி நமக்குக் கடிதமே சரி.

உங்கள் ஆபீஸ் ஆர்டர் எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. நாற்பது சர்க்யூட் போர்டு. முதலாளி படிவத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, இது மட்டும் ஒழுங்காகப் போனால் இனி பொம்மைக் காருக்கு போர்டு போடுகிற பிழைப்பே வேண்டாம் என்றார். அவர் குரல் லாரி எஞ்சின் மாதிரி. பட்டறையில் எனக்கு முழுசாகக் கேட்கிற ஒரே குரல் அதுதான். அது பெரும்பாலும் என்னைத் திட்டத்தான் பயன்படும் என்பது என் ஜாதகம்.

இருபத்தாறு வருஷமாகச் செப்புத் தகட்டை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிறேன். தகட்டில் ஒட்டிய பிலிமில் இருக்கும் கோடு மிஞ்சும், மற்றதைத் தொட்டி தின்றுவிடும். மிஞ்சுகிற கோடு என்ன வேலை செய்யும் என்று இதுவரை நான் யாரையும் கேட்டதில்லை. இது என் மகள் போட்ட கோடு என்பதால் கேட்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒல்லிக் கோடு, அப்புறம் அகலக் கட்டம், மறுபடி ஒல்லி, மறுபடி கட்டம். மூன்று எலியை விழுங்கிய பாம்பு செரிக்காமல் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. இது என்னம்மா?

இன்னொன்று. மாதிரிக்குப் போட்ட இரண்டு போர்டின் படிவத்திலும் தகட்டின் தடிமன் 0.8 என்று இருந்தது. இந்த முறை அந்தக் கட்டம் காலி. முதலாளியைக் கேட்டால் "முன்ன மாதிரிதான்யா" என்கிறார். உன்னைக் கேட்காமல் தகட்டில் கத்தியை வைக்க எனக்கு மனசு வரவில்லை. உடனே எழுது.

உன் நலம் விரும்பும்,
அப்பா


ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உறையின் மேல் பென்சில் என்று எழுதாதீர்கள். தபால் பிரிக்கிற பெண் உரக்கப் படித்தாள்; நான்கு மேசை தள்ளிச் சிரித்தார்கள். அடுத்தது, நான் உங்கள் மகள் என்பது உங்கள் முதலாளி உட்பட யாருக்கும் தெரிய வேண்டாம். சொந்தக்காரர் வேலை பார்க்கும் இடத்துக்கு ஆர்டர் தரக் கூடாது என்று இங்கே விதி. மெல்லிய கோட்டை இவ்வளவு நறுக்காக எடுத்துத் தர வேறு பட்டறை இல்லை என்பதால்தான் அங்கே தந்தேன். மே மாதம் என் வேலையை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு குழு முடிவு செய்யும். அவர்கள் பார்க்கப்போவது இந்த ஒரு வேலையைத்தான்.

அது பாம்பு இல்லை. மீட்புப் படகுகளில் வைக்கும் வயர்லெஸ் கருவிக்கான லோ பாஸ் ஃபில்டர். கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் வாங்கிப் பற்றவைப்பதற்குப் பதிலாகச் செப்புக் கோட்டின் அகலத்தை மாற்றியே அந்த வேலையை வாங்குகிறோம். ஒல்லிக் கோடு சுருள்போல நடந்துகொள்ளும், அகலக் கட்டம் கெப்பாசிட்டர்போல. தாழ்ந்த அலைகள் கடந்து போகும், உயர்ந்தவை நின்றுவிடும். மேலே உள்ள கோட்டுக்கும் அடியில் உள்ள செப்புக்கும் நடுவே எத்தனை தடிமன் என்பதை வைத்துத்தான் முழுக் கணக்கும். அது மாறினால் எல்லாமே கெட்டுவிடும்.

தடிமன் 1.6.

மகள்


ஜனவரி 27

அன்புள்ள பென்சிலுக்கு,

உறையில் உன் முழுப் பெயரைப் பட்டத்தோடு எழுதிவிட்டேன். உள்ளே பென்சில்தான், உள்ளே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள். நான் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் விளக்கத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை புரிந்தது, புரிந்ததும் சிரித்துவிட்டேன். போன வாரம் காது டாக்டர் என் தலையில் ஒரு மாட்டியை மாட்டி, சத்தம் வந்தால் கையைத் தூக்கச் சொன்னார். கனத்த சத்தம் வந்தது, தூக்கினேன். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, இவர் எப்போது அடுத்ததை ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆரம்பித்து முடித்து எழுதியும் வைத்துவிட்டார். தாழ்ந்தது போகிறது, உயர்ந்தது நின்றுவிடுகிறது. நீ ஆறு வருஷம் படித்துச் செய்கிற சாமானை நான் வெறுமனே வயசாகியே செய்து முடித்துவிட்டேன் பார்.

கேட்காததற்கெல்லாம் ஆமா சொல்லிச் சமாளிக்கிறேன். உன் அம்மா இருந்தவரை அந்தப் பழக்கம் வீட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. இப்போது ஊர் முழுக்க. போன மாதம் முடிவெட்டப் போனேன். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன், அவர் பின்னால் நின்று என்னமோ கேட்டார். ஆமா என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி ஆமா. கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் முப்பது வருஷ மீசை தரையில் கிடக்கிறது. மார்ச் கடைசியில் ஆஸ்பத்திரியில் காதுக்கு மெஷின் தருகிறார்களாம், பெயர் கொடுத்திருக்கிறேன். அது வந்தால் மீசையாவது மிஞ்சும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிலிம் அதேதான், ஒரு மயிரிழை மாறவில்லை. மாதிரி போர்டு 0.8இல் நன்றாக வந்தது என்று நீயே எழுதியிருந்தாய். இப்போது 1.6 என்றால் இரண்டு மடங்கு. சரிதானா?

அப்பா


பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று அறிந்தேன்.

1.6 என்று எழுதினால் 1.6தான். தொட்டியில் முக்குவது உங்கள் வேலை, கணக்குப் போடுவது என் வேலை. பத்தாவது படித்தவருக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தால் எனக்கு இங்கே பொழுது போதாது. இருபதாம் தேதிக்குள் போர்டு வர வேண்டும்.

மகள்


பிப்ரவரி 18

அன்புள்ள பென்சிலுக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது, பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன். எல்லாரும் ஒரு தடவைதான் எழுதுவார்கள், அந்த வகையில் எனக்குப் படிப்பு கூடுதல். நான் நலம். குளிரில் இருமல் ஏதும் இல்லையே?

நாற்பது போர்டும் இன்று கிளம்பின. 1.6 தகட்டில்தான். ஒவ்வொன்றையும் நானே தொட்டியில் இறக்கி, நானே எடுத்தேன். ஒரு நிமிஷம் முந்தி எடுத்தால் கோட்டோரத்தில் செப்பு மீசை வைத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் பிந்தினால் ஒல்லிக் கோடு இன்னும் ஒல்லியாகும். லென்ஸ் வைத்து அளந்தேன், நாற்பதிலும் கோடு பிலிமில் உள்ள அளவிலேயே இருக்கிறது. துளை போடும் அக்கா, என்ன இத்தனை பார்க்கிறீங்க, பொண்ணுக்கு நகையா செய்யறீங்க என்று சைகையில் கேட்டாள். ஆமா என்று தலையாட்டினேன். அவள் சிரித்தாள். நான் பொய் சொல்லவும் இல்லை, விதியை மீறவும் இல்லை.

சோதனை முடிந்ததும் ஒரு வரி போடு.

அப்பா


மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். உங்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் காது எப்படி இருக்கிறது? இன்னும் பெண்கள் குரல் கேட்பதில்லையா? என் குரல்? கேட்காதபோது இப்போதும் ஆமா சொல்கிறீர்களா? அந்த மீசைக் கதையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்த மெஷினுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். இலவசமாகத் தருவது நன்றாக இருக்காது. ஏப்ரலுக்குப் பிறகு நானே நல்லதாக வாங்கித் தருகிறேன். மார்ச்சில் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

போர்டில் சின்னச் சிக்கல். ஏப்ரல் மூன்றாம் தேதி எங்கள் பிரிவுத் தலைவரும் நானும் பட்டறைக்கு வருகிறோம். சாதாரண விசாரணைதான். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நான் எழுதிய கடிதங்களை வைத்திருக்கிறீர்களா? வேலை விஷயம் இருப்பதால் யாரிடமும் காட்டாதீர்கள்.

உங்கள் பென்சில்


மார்ச் 24

என் அருமைப் பென்சிலுக்கு,

நான் நலமோ நலம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன், ஆசிட் தெறித்து ஒரு ஓரம் அரித்துவிட்டது. பென்சில் என்று நீயே கையெழுத்துப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு.

காது நீ கேட்ட மாதிரியேதான். ஆண் குரல் வரும், பெண் குரல் வராது. உன் குரல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, என் ஃபில்டரில் கொஞ்சமும் நுழையாது. பழக்கமும் மாறவில்லை, நேற்றுகூட பஸ்ஸில் பின்னால் நின்ற ஒரு அம்மாவுக்கு ஆமா சொன்னேன். அவர் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார், நான் நின்றுகொண்டே வந்தேன். நீ சொன்னபடி மெஷின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். கொடுக்கிற பெண் ஏன் என்று எழுதிக் காட்டினாள். என் மகள் வாங்கித் தருவாள் என்று எழுதிக் காட்டினேன், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே.

உன் கடிதங்கள் பிஸ்கட் டப்பாவில் பத்திரம், அம்மாவின் மூக்குக் கண்ணாடியோடு. சிக்கல் என்று எழுதியிருக்கிறாய், என்ன சிக்கல் என்று எழுதவில்லை. எதுவானாலும் சரியாகும். மூன்றாம் தேதிக்கு வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். தெரியாத மாதிரி நடிப்பேன், பயப்படாதே.

அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள பென்சிலுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? இளைத்திருக்கிறாய். நான் நலம்.

நாம் இரண்டு பேரும் நன்றாகத்தான் நடித்தோம், நீ என்னைவிட ஒருபடி மேல். உங்கள் பிரிவுத் தலைவர் குரல் எங்கள் முதலாளி குரலுக்கு அண்ணன். எத்தனை நிமிஷம் தொட்டியில், யார் பிலிமை ஒட்டியது என்று அவர் கேட்டதெல்லாம் மணிமணியாகக் கேட்டது, மணிமணியாகச் சொன்னேன். அடுத்த கேள்விக்கு அவர் வாயைத் திறக்கும்போது நீ கையைக் காட்டி நிறுத்திவிட்டு முன்னால் வந்தாய். என்னைப் பார்த்து ஒன்று கேட்டாய். ஆமா என்றேன். மறுபடியும் கேட்டாய். மறுபடியும் ஆமா. அவர் எழுதிக்கொண்டார். டீயை ஆறவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அப்புறம் முதலாளி கதவைச் சாத்தினார். "ஏன்யா, அவங்க பாயின்ட் எட்டு சொல்லியிருக்க, நீயா கையில கெடந்த ஒன்னு பாயின்ட் ஆற வெட்டிப் போட்டேன்னு ரெண்டு தடவை ஆமாங்கறியே. அவங்க எழுதிக் குடுத்தது ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க," என்றேன்.

"நாப்பதும் குப்பையாம். வேணுங்கற சிக்னல திருப்பி அனுப்புதாம், வேணாங்கறத உள்ள விடுதாம். இந்த மாசத்தோட நின்னுக்க."

துளை போடும் அக்கா முகத்துணி கட்டியபடி வந்து ஏதோ கேட்டாள். பழக்கத்தில் ஆமா என்றேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான், அது ஆமா சொல்லுகிற கேள்வி இல்லை என்று தெரிந்தது.

முதலாளி கோபத்தில் ஏதாவது கூட்டிச் சொல்லியிருப்பார். நீ என்ன கேட்டாய் என்று ஒரு வரி எழுது, போதும்.

அப்பா


ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகம், எழுத முடியவில்லை.

என் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ஃபில்டரை வேறு பட்டறையில் 0.8 தகட்டில் போட்டோம், சரியாக வந்தது. உங்கள் பட்டறையின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது குழுவின் முடிவு. இந்த வயதில் ஆசிட் புகையிலிருந்து நீங்கள் வெளியே வந்தது ஒரு வகையில் நல்லதுதான்.

ஜனவரி 19, பிப்ரவரி 4 தேதியிட்ட என் இரண்டு கடிதங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். மற்றவை இருந்தால் பரவாயில்லை.

மகள்


ஜூன் 12

அன்புள்ள பென்சிலுக்கு,

நிரந்தரம் ஆனதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். தெருவில் இரண்டு பேரிடம் சொன்னேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கவில்லை.

நானும் நலம். வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கிற கடை. காகிதத்தைக் கவிழ்த்து, மூடியை இறக்கி, பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை நகல் என்று வருகிறவர்கள் விரலைக் காட்டுவார்கள். காதுக்கு வேலையே இல்லை. இருபத்தாறு வருஷம் பிலிமைத் தகட்டுக்கு மாற்றியவனுக்கு இது பதவி உயர்வுதான், ஆசிட் கிடையாது. முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டு, தண்ணீரில் அலச வேண்டுமே என்று குழாயைத் தேடினேன். மெஷின் தருகிறவர்கள் மார்ச்சில் வந்து போய்விட்டார்கள். அடுத்த பட்டியல் அடுத்த வருஷம்.

நீ கேட்ட இரண்டும் இந்த உறைக்குள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் ஒருதரம் படித்தேன். 1.6 உன் கையெழுத்துதான், ஆறுக்கு வால் சுருட்டுவது நீ ஒருத்திதான். வேறு ஏதோ வேலையின் காகிதம் உன் மேசையில் கிடந்திருக்கும், கை தவறியிருக்கும். அது எனக்குப் பெரிதில்லை. "அப்பா, தப்பு பண்ணிட்டேன், நீங்க ஏத்துக்குங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தால், தப்பு என்னுடையது என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றிருப்பேன். நீ எழுதவில்லை. என் காதை விசாரித்தாய், நான் பூரித்துப்போய்ப் பதில் எழுதினேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. காது போகப் போக மனுஷன் சும்மா இருப்பானா. நாலு வருஷமாக நான் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிவெட்டுகிறவர் என் பின்னால் நின்று கேட்டார். அக்கா முகத்துணிக்குள் பேசினாள். நீ என் எதிரே, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று கேட்டாய்.

பூஜ்யம் என்றால் உதடு ஒட்டிப் பிரியும். ஒன்று என்றால் குவியும், ஒட்டாது. முதலில் பூஜ்யம் சொன்னாய், அப்புறம் ஒன்று சொன்னாய். "நாங்க பூஜ்யம் பாயின்ட் எட்டு சொல்லியும் நீங்க ஒன்னு பாயின்ட் ஆறு போட்டீங்களா." ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஆமா என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது உன் முகத்தில் பயம் இருந்தது. அது போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.

கேள்விக்கு முன்னால் என்னை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டாய். அப்பா என்றால் உதடு ஒட்டும். உனக்கு ஒரு வயசில், சத்தம் வருவதற்கு முன்னால் அந்த ஒட்டலைத்தான் நான் பார்த்தேன். அன்றைக்கு ஒட்டவில்லை. அய்யா என்றாய். விதி அப்படி, நான்தானே சம்மதித்தேன். ஆனாலும் உதட்டைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். காது போனால் வராது.

அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

நலம். பதிவுத் தபால் கிடைத்தது. இரண்டு கடிதங்களும் இருந்தன.

நீங்கள் வேலை செய்யும் கடையில் இவற்றுக்கு நகல் எடுத்தீர்களா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள்.

மகள்


ஜூன் 27

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

ஆமா.

இப்படிக்கு,
அய்யா